செண்பகத்துக்கு நாடு பார்த்தோம்

ஹட்டன் கடைவீதியில், நான் முப்பத்து நான்கு வருடம் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த அதே மாடியில், இப்போது பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் நிலையம் ஒன்று வந்திருக்கிறது. கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார்கள். ஏசியும் போட்டிருக்கிறார்கள். இலங்கை மலைநாட்டுக் குளிரில் கிடக்கும் ஹட்டனில் ஏசி எதற்கு என்று கேட்க வாய்வரை வந்தது. திறப்பு விழாவுக்கு என்னையும் ஒரு ஆளாக மதித்துக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

அங்கே வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், பிலிப்பைன்ஸ் என்று கொடிகள் வரிசையாக நின்றன. பரீட்சை முடிவையும் படிக்க விரும்பும் பாடத்தையும் கொடுத்தால், எந்த நாடு பொருத்தம் என்று பத்து நிமிடத்தில் அதுவே சொல்லிவிடுமாம்.

"ஒங்க காலத்துல எப்படிங்க மிஸி நாடு செலக்ட் பண்ணுனீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு புள்ளைக்குப் பாத்தோம்மா. ஒன்ற வருஷம் ஆச்சு" என்றேன்.

கிழவி பகிடி விடுகிறாள் என்று நினைத்து அவள் சிரித்தாள். நான் பகிடி விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அப்பா டிக்கோயா ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் இடத்தில் உதவியாளராக இருந்தார். நான் கண்டியில் சித்தி வீட்டில் எட்டு மாதம் தங்கித் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்தேன். தட்டச்சு நன்றாக வந்தது. சுருக்கெழுத்தும் வந்தது, ஆனால் நான் எழுதியதை எனக்கே திரும்ப வாசிக்க வரவில்லை. இவ்வளவு தகுதியோடு ஹட்டனில் ஒரு புரக்டரின், அதாவது வழக்கறிஞரின், கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்கள் சப்பாத்துப் போட்ட பெண்ணைக் கண்டால், தாதியோ தட்டச்சுக்காரியோ, எல்லாரையும் 'மிஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படி நானும் மிஸி ஆனேன். இன்றைக்கும் அந்தப் பெயர்தான்.

புரக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பெயரைச் சொல்ல மாட்டேன். அவருடைய பேரப்பிள்ளைகளில் மூன்று பேர் வழக்கறிஞர்கள். மலைநாட்டில் இருபது வருடம் இருந்தும் அவருக்குக் குளிர் பழகவில்லை. கோட்டுக்கு மேல் மப்ளர், காலுக்கு இரண்டு சோடி காலுறை. மேசை லாச்சியில் ஊரிலிருந்து வந்த, பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் எப்போதும் இருக்கும். நீதவானே வந்தாலும் அதில் ஒன்றைத்தான் நீட்டுவார். கடிக்கப் பல் இல்லாதவர்கள் கையில் வைத்துக்கொண்டு வழக்குச் சொல்லுவார்கள்.

அவர் யாருக்கும் 'முடியாது' என்று சொன்னதே இல்லை. 'பாப்பம்' என்பார். அந்தப் 'பாப்பம்' மூன்று வகைப்படும் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது. தலையை ஆட்டிக்கொண்டு சொன்னால் காரியம் நடக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னால் நடக்கலாம், ஆனால் எதிராளிக்குத் தூக்கம் போகும். யன்னலைப் பார்த்துச் சொன்னால், வந்தவர் பஸ் பிடித்து வீட்டுக்குப் போகலாம்.

வேலையில் அவர் கடுமை வேறு மாதிரி. கோபிக்கவே மாட்டார். ஒரு மூலப்பிரதி, அடியில் கார்பன் வைத்து நாலு நகல். நாலாவது நகலைத்தான் முதலில் எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார்.

"பிள்ளை, இந்த எழுத்து ஏன் தலை சரிஞ்சு நிக்குது? களைச்சுப் போச்சோ?"

"மெஷின் பழசுங்க ஐயா."

"ஓமோம். மெஷினுக்கு வயசு போகுது, எங்களுக்கு இன்னும் இளமை. இன்னொருக்கா அடியும்."

அடிப்பேன். அழித்து எழுதிய தாள் ஒன்றுகூட அந்தக் கந்தோரிலிருந்து வெளியே போனதில்லை. "எங்கட சனத்தின்ரை பேப்பரைத் திருப்பி அனுப்ப அவைக்கு ஒரு சாட்டு வேணும். அந்தச் சாட்டை நீர் குடுக்கக் கூடாது" என்பார். எங்கட சனம் என்று அவர் சொன்னது தோட்டத்துச் சனத்தை. இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு, பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி வந்த சட்டத்தால் அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லாமல் போயிருந்தது. அதைத் திரும்பக் கேட்கும் மனுக்களைத்தான் காலையிலிருந்து மாலைவரை அடித்துக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டுப் படிப்புக்கு என்று வந்தவர்கள் குறைவு. முதலில் வந்தது ராகலையில் மரக்கறித் தோட்டம் வைத்திருந்த ஒருவரின் மகன். தகப்பனுக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது, பையனிடம் பாஸ்போர்ட் இருந்தது. எங்கே போகிறாய் என்றால், "சிங்கப்பூருங்க, அங்க குளிர் இல்லையாம்" என்றான். அவன் ஆராய்ச்சி அவ்வளவுதான். இரண்டே வாரத்தில் எல்லாம் முடிந்து கப்பல் ஏறினான். மூன்று மாதத்தில் திரும்பி வந்து நின்றான். "மிஸி, அங்க வேர்க்குது" என்றான். பிறகு கோவாவும் லீக்சுமாக மரக்கறி பயிரிட்டு நன்றாக வாழ்ந்தான். அவனைச் சொல்வதற்குக் காரணம், பாஸ்போர்ட் இருந்தால் நாடு பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று காட்டத்தான்.

மலாயா சுதந்திரம் பெற்று இரண்டு வருடம் போல இருக்கும். ஒருநாள் காலை, பொகவந்தலாவையில் ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையின் டீமேக்கர் ராமலிங்கம் தன் மகளோடு மாடி ஏறி வந்தார். தேயிலை அரைத்து, உலர்த்தி, தரம் பிரிப்பது வரைக்கும் தொழிற்சாலையில் டீமேக்கர் சொன்னதுதான் சட்டம். அவர் நடையிலேயே அது தெரிந்தது. மகள் பெயர் செண்பகம். ஹட்டனில் கன்னியாஸ்திரிகளிடம் படித்து உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணியவள். மெலிந்த பிள்ளை. கையில் ஒரு பழைய பிஸ்கட் டின் வைத்திருந்தாள்.

"இவ மேல படிக்கணுங்கிறாய்யா" என்றார் ராமலிங்கம். "சரி படி, டீச்சர் ஆவுன்னேன். இவ தேயிலையப் படிக்கணுமாம். நான் முப்பது வருஷமா தேயிலையில கெடக்கேன். அதுல படிக்கிறதுக்கு என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

செண்பகம் டின்னைத் திறந்தாள். உள்ளே புத்தகத் தாள்களுக்கு நடுவே காய்ந்த தேயிலைக் கொழுந்துகள். ஒவ்வொன்றிலும் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம்.

"இந்தக் கொப்புள நோய் வந்த வருஷம் எங்க மலையில பாதிக் கொழுந்து போச்சுங்க ஐயா. ஆளுகளுக்கு வேலை நாளு கொறைஞ்சு போச்சு. ஏன் சில மலையில வருது, சில மலையில வரலன்னு தொரையக் கேட்டேன். போய்ப் பள்ளிக்கூடத்துல கேளுன்னாரு. பள்ளிக்கூடத்துல கேட்டேன். காலேஜில கேளுன்னாங்க" என்றாள்.

ஐயா ஒரு இலையை எடுத்து நாலாவது நகலைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்தார். "இஞ்சை பல்கலைக்கழகத்திலை கேட்டுப் பாத்தனீரோ?"

"எடம் கெடைக்கலீங்க. வெளிநாட்டுல, கிட்ட இருக்கிற நாடா பாக்கலாம்னு சிஸ்டர் சொன்னாங்க. சீமைக்கெல்லாம் நமக்குக் கட்டாதுங்க."

ஐயா தலையை ஆட்டினார். "பாப்பம்."

அன்றிலிருந்து நாங்கள் செண்பகத்துக்கு நாடு பார்க்கத் தொடங்கினோம். மாப்பிள்ளை பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விசாரித்துக் கடிதம் எழுதுவோம். பதில் வரும். ராமலிங்கம் வந்து குறை சொல்லுவார்.

கீழே புடவைக் கடை வைத்திருந்த காதர் நானாவும் தானாகவே இந்தக் குழுவில் சேர்ந்துகொண்டார். அவருடைய மச்சான் ஒருவர் பினாங்கில் வியாபாரம் செய்தார். அதனால் கடல் கடந்த எந்த விஷயத்திலும் தனக்கு அபிப்பிராயம் சொல்ல உரிமை உண்டு என்பது நானாவின் எண்ணம்.

முதலில் ரங்கூன் என்று பேச்சு வந்தது. ராமலிங்கம் கேட்கவே தயாராக இல்லை.

"எங்க சித்தப்பா ரங்கூன்லதான் இருந்தாரு. சண்டை வந்தப்ப அங்கேருந்து காடு மலையெல்லாம் நடந்தே ஊருக்கு வந்து சேந்தாரு. இவ பஸ்ஸ விட்டுட்டா பஜாருலேருந்து தோட்டத்துக்கு நடக்கவே அழுவா. ரங்கூன் வேணாங்க."

அடுத்தது இந்தோனேசியா. அங்கே தேயிலையும் உண்டு, செடி கொடிகளுக்குப் பேர்போன பெரிய தோட்டமும் உண்டு என்று செண்பகம் எங்கேயோ வாசித்திருந்தாள். எழுதினோம். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. எழுத்து ஆங்கில எழுத்து, ஆனால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"மரியாதையான கடிதமாத்தான் கிடக்கு" என்றார்.

ஹட்டனில் ஓய்வு பெற்ற பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் இருந்தார். மலாய்க்காரர். நானா ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்தார். அவர் வாசித்துவிட்டு, தன் வீட்டில் பேசுகிற பாஷையும் இதுவும் மாமன் மச்சான் மாதிரி, ஆனால் பேச்சுவார்த்தை இல்லாத மாமன் மச்சான் என்றார். ஒருவழியாகச் சாரம் கிடைத்தது. பாடங்கள் அவர்கள் பாஷையில்தான், முதலில் ஒரு வருடம் அதைப் படிக்க வேண்டும். மாணவியின் பாஸ்போர்ட் இலக்கத்தை உடனே அறிவிக்கவும்.

பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது கடிதமில்லை, ஒரு புத்தகம். வழுவழுப்பான தாள், கலர் படங்கள். விவசாயக் கல்லூரி என்று பார்த்தால் வயலைவிட நீச்சல் குளம்தான் பெரிதாக இருந்தது. ஒரு படத்தில் பெண்பிள்ளைகள் காற்சட்டை போட்டுக்கொண்டு உழவு இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து சிரித்தார்கள். ராமலிங்கம் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"படிப்பு நல்ல படிப்புதான் போல" என்று புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்தார். "இத அவ அம்மா கண்ணுல காட்டிப்புடாதீங்க மிஸி."

எனக்கு அந்தக் கல்லூரிதான் பிடித்திருந்தது. செண்பகத்துக்கும்தான். தாவர நோய்க்கென்றே அங்கே தனிப் பிரிவு இருந்தது, பாடம் ஆங்கிலத்தில். ஆனால் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அதே கேள்வி: பாஸ்போர்ட் இலக்கம், வழங்கிய நாடு.

அதுவரைக்கும் நாங்கள் விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்தோம் என்று சொல்ல வேண்டும். எந்த நாடு வேண்டும், எது வேண்டாம் என்று தள்ளிக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் ஐயா எல்லாக் கடிதங்களையும் வரிசையாக மேசையில் பரப்பி வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, போற நாட்டைப் பற்றி இவ்வளவு கதைச்சம். இவள் புறப்படுற நாடு எது?"

ராமலிங்கத்தின் பிரஜாவுரிமை மனுவை அடித்தது நான்தான். அது கொழும்பில் எத்தனையோ வருடமாகக் கிடந்தது. அது தீராமல் செண்பகத்துக்கு இலங்கைப் பாஸ்போர்ட் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தால் சீக்கிரம் கிடைக்கும் என்று நானா சொன்னார்.

"எடுத்தா அப்பாவோட மனு என்னாவுங்க ஐயா?" என்று கேட்டாள் செண்பகம்.

"மகளே இந்தியப் பிரஜை எண்டா, தகப்பனை நம்புவினமோ?"

"அப்ப வேணாங்க."

ராமலிங்கம் மேசையிலிருந்த கடிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் அவசரத்துக்குப் பிரயாணம் செய்ய 'அடையாளப் பத்திரம்' என்று ஒன்று உண்டு. இன்னார் இன்னார்தான் என்று மட்டும் அது சொல்லும். எந்த நாட்டவர் என்று சொல்லாது. எந்த நாடு அதை ஏற்கும் என்று ஐயா ஒவ்வொரு இடமாக எழுதிக் கேட்டார். ஏற்கலாம் என்று பதில் வந்தது மலாயாவிலிருந்து மட்டும்தான். அங்கே வசிக்கும் ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டும். அதோடு, படித்து முடித்ததும் இலங்கை இவளைத் திரும்ப ஏற்றுக்கொள்ளும் என்று பத்திரத்தில் இலங்கை முத்திரை குத்தித் தர வேண்டும். கோலாலம்பூரில் விவசாய விஞ்ஞானம் இருந்தது. தேயிலையைவிட றப்பருக்குத்தான் அங்கே மரியாதை. ஆனாலும் நாடு முடிவாகிவிட்டது. நாங்கள் தேர்ந்தெடுத்தோம் என்று சொன்னால் பொய். மற்ற நாடுகள் விலகிக்கொண்டன.

காதர் நானாவின் மச்சான் பொறுப்பு நிற்க ஒப்புக்கொண்டார். அதற்காக நானா எங்களை ஒரு மாதம் பாடாய்ப் படுத்தினார். யார் கடைக்குச் சேலை எடுக்க வந்தாலும், "மலாயா கவர்மெண்டோட கொஞ்சம் எழுத்து வேலை இருக்கு, நீங்க பாத்துக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு மாடி ஏறி வந்துவிடுவார்.

பிறகு தொடங்கியது காகித வேலை. பிறப்புப் பத்திரத்தில் செண்பகத்தின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு விதம், பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் இன்னொரு விதம், தோட்டத்துப் பதிவில் 'சம்பங்கி' என்று மூன்றாவது விதம். தோட்டத்துக் கிளாக்கருக்கு எந்தப் பூவாயிருந்தால் என்ன என்று தோன்றியிருக்க வேண்டும். மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி அடித்துச் சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கினோம். போட்டோவில் இரண்டு காதும் தெரிய வேண்டும் என்பது விதி. முதல் போட்டோவில் பூ ஒரு காதை மறைத்தது. இரண்டாவதில் இரண்டு காதும் தெரிந்தன, கண் மூடியிருந்தது.

எல்லாம் முடிந்து, அடையாளப் பத்திரத்துக்கான விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம் மிச்சம் நின்றது. பிரஜாவுரிமை.

ஐயா அதை இரண்டு நாள் மேசையில் வைத்துக்கொண்டு யோசித்தார். இலங்கை என்று போட்டால் பொய்ச் சத்தியம். இந்தியா என்று போட்டால் தகப்பன் மனு போச்சு. ஒன்றும் போடாவிட்டால் பூர்த்தியாகவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். 'இல்லை' என்று போட்டால், இல்லாத ஒருத்தியை யார் திரும்ப ஏற்பார்கள்?

மூன்றாம் நாள் ஐயா நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். செண்பகம் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். "பேசாம தேயிலைன்னு அடிச்சிருங்க மிஸி" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நான் தாளை இயந்திரத்தில் செருகினேன். இலங்கைத் தீவில், பொகவந்தலாவையில், இன்ன தோட்டத்தில் பிறந்து, அங்கேயே நிரந்தரமாக வசித்துவரும் பெற்றோரின் மகள் என்று ஆங்கிலத்தில், வரி இடைவெளி இல்லாமல், கட்டத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நெருக்கி அடித்தேன். கட்டம் நிறைந்துவிட்டது. பார்த்தால் பதில் மாதிரி இருக்கும். வாசித்தால்தான் பதில் இல்லை என்று தெரியும். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஐயா வந்து வாசித்தார். மறுபடி வாசித்தார். வழக்கத்துக்கு மாறாக நாலாவது நகலைப் பார்க்கவே இல்லை.

"இதை உமக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"யாரும் இல்லீங்க ஐயா."

லாச்சியைத் திறந்து எனக்கு ஒரு புழுக்கொடியல் தந்தார். பத்து வருடத்தில் அதுதான் முதல் தடவை.

கொழும்புக்கு ஐயா, செண்பகம், நான் என்று மூன்று பேரும் ரயிலில் போனோம். குடிவரவுக் கந்தோரில் எங்களைப் பார்த்த அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் வாசிக்கத் தெரிந்தவர். விரலை நேரே அந்தக் கட்டத்தில் வைத்தார்.

"இது பிறந்த இடம். நாங்கள் கேட்டது பிரஜாவுரிமை" என்றார் ஆங்கிலத்தில்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். எனக்கு உயிர் வந்தது.

"மெத்தச் சரி. இவள் இலங்கைப் பிரஜையா?" என்று அவரிடமே கேட்டார்.

"இல்லை. தகப்பனின் மனு தீர்வாகவில்லையே."

"அப்படியானால் இந்தியப் பிரஜையா?"

"அதை நான் எப்படிச் சொல்வது?"

"மலாயாவின் பிரஜையா?"

அதிகாரி சிரித்தார். "இல்லை."

"எங்கள் தட்டச்சுப் பிள்ளை எதை அடிக்கச் சொன்னாலும் அடிப்பாள்" என்றார் ஐயா. "நீங்கள் ஒரு நாட்டின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். அதையே அடித்துக் கொண்டுவருகிறோம்."

அதிகாரி பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். பிறகு மூடிவிட்டார். செண்பகத்தைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார், "நீ திரும்பி வருவாயா, மகளே?"

"வராம எங்க சார் போவேன்? அம்மா, அப்பா, தேயிலை எல்லாம் இங்கதானே இருக்கு" என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள்.

முத்திரை விழுந்தது. நான்கு வருடத்துக்குள் திரும்பலாம். அதற்கு மேல் ஒரு நாள் ஆனாலும் செல்லாது, நீட்டவும் முடியாது. அந்தச் சத்தத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

கப்பல் ஏறிப் போனாள். கடிதங்கள் வந்தன. ராமலிங்கம் அவற்றைக் கந்தோருக்குக் கொண்டுவந்து வாசித்துக் காட்டுவார். அவள் என்ன படிக்கிறாள் என்பதைவிட என்ன சாப்பிடுகிறாள் என்பதுதான் அவருக்குக் கவலை. மூன்றாம் வருடம், அவருடைய மனு நிராகரிக்கப்பட்டது. இடையில் ஏதோ ஒரு வருடம் இங்கே வசித்ததற்கு ஆதாரம் போதாதாம். அந்த வருடம் அவர் ஒருநாளும் லீவு போடாமல் தொழிற்சாலையில் நின்றார் என்று ஐயா மேன்முறையீடு எழுதினார். அந்தச் செய்தியை மட்டும் மகளுக்கு எழுத வேண்டாம் என்றார் ராமலிங்கம்.

அந்த மேன்முறையீடு தீருவதற்குள், எங்கள் சனத்தில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று இரண்டு நாட்டு அரசாங்கங்களும் பேசி முடித்தன. எங்கள் கந்தோர்ப் படியில் தினமும் கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள்தான் ஒருநாள் செண்பகம் வந்து நின்றாள். பட்டம் வாங்கியிருந்தாள். முத்திரைக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

வந்தவளுக்கு இங்கே வேலை இல்லை. பிரஜை அல்லாதவளுக்கு அரசாங்க உத்தியோகம் கிடையாது. தோட்டக் கம்பனிகளோ, மலையேறித் தேயிலை பார்க்கிற வேலைக்குப் பெண்ணை எடுக்கிற வழக்கம் இல்லை என்றன. லட்சம் பெண்கள் தினமும் மலையேறிக் கொழுந்து பறிக்கிற நாட்டில் இந்தப் பதிலை எழுத அவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அதற்குள் மலேசியா ஆகிவிட்ட மலாயாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம் அவளைக் கேட்டிருந்தது. படிப்பு முடிந்த கையோடு இரண்டு மாதம் அங்கே வேலை செய்திருந்தாள். அங்கேயும் கொப்புள நோய் இருந்தது. அங்கேயே தங்கவும் அனுமதி தருவதாகச் சொன்னார்கள்.

"போனா, திரும்பி வர்ற முத்திரை?" என்று கேட்டாள்.

ஐயா யன்னலைப் பார்த்தார். "பாப்பம்" என்றார்.

மறுநாள் ராமலிங்கமும் அவளுமாக வந்தார்கள். அவள் அந்தத் தோட்டத்துத் தேயிலை ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். ராமலிங்கம் என்னிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். நல்ல தாளாகக் கொடுத்தேன். தேயிலையை அதில் பரப்பி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு பிடியை மூக்கருகில் வைத்து நீளமாக மூச்சிழுத்தார். கந்தோரிலிருந்த கேத்தலில் தண்ணீர் கொதித்தது. பாலில்லை, சீனியில்லை. ஒரு வாய் எடுத்து 'சுர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, யன்னலுக்கு வெளியே துப்பினார். கீழே காதர் நானா மேலே பார்த்துச் சத்தம் போட்டார்.

ஐயாவுக்கும் ஒரு கோப்பை கொடுத்தோம். அவர் மரியாதையாக முழுவதையும் குடித்தார்.

"நல்ல தேத்தண்ணிதானே?" என்றார்.

"இல்லீங்கய்யா" என்றார் ராமலிங்கம். "கொழுந்து மோசமில்ல. செஞ்சவனுக்குத்தான் தெரியல. டிரையர்ல சூடு ஜாஸ்தி, கருகுன வாசம் வருது. நல்லா இருந்துச்சுன்னா இவளுக்கு அங்க என்னங்க வேல?"

செண்பகம் தாளில் கிடந்த தேயிலையை ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சேர்ந்த பிறகும் சேர்த்துக்கொண்டேயிருந்தாள்.

"மிஸி, அவங்களுக்குக் கடிதம் அடிங்க. இவ வாறான்னு அடிங்க" என்றார் ராமலிங்கம்.

அடித்தேன். முடிக்கும்போது, இன்னொரு வரி சேர்க்க வேண்டும் என்றார். உங்கள் டிரையரில் சூட்டைக் குறைக்கவும், இது முப்பத்தைந்து வருட டீமேக்கர் சொல்வது. நான் ஐயாவைப் பார்த்தேன். வேலைக்குச் சம்மதம் சொல்லும் கடிதத்தில் முதலாளிக்குப் புத்திமதி சொல்லும் வழக்கம் எங்கள் கந்தோரில் இல்லை. ஐயா தலையை ஆட்டினார். அடித்தேன்.

அடுத்த கப்பலில் அவள் போனாள். முத்திரை பெட்டிக்குள் கிடந்து காலாவதியானது. ராமலிங்கம் இந்தியாவுக்கு மனுக் கொடுக்கவே இல்லை. நான் ஓய்வு பெறும்போதும் அவர் எந்த நாட்டுப் பிரஜையும் ஆகாமல் பொகவந்தலாவையில்தான் இருந்தார்.

மூன்று மாதம் கழித்து அந்தத் தோட்டத்து மனேஜரிடமிருந்து கந்தோர் விலாசத்துக்குக் கடிதம் வந்தது. ராமலிங்கத்துக்கு ஆள் சொல்லி அனுப்பி வரவழைத்து வாசித்துக் காட்டினேன். தாங்கள் சொன்னது சரி. சூட்டைக் குறைத்துவிட்டோம், தேயிலை திருந்தியிருக்கிறது. தங்கள் மகள் சுகமாக வந்து சேர்ந்து வேலையைப் பொறுப்பேற்றிருக்கிறார்.

"சொன்னேன்ல!" என்று ராமலிங்கம் மேசையைத் தட்டினார். "குடிச்ச ஒடனே சொன்னேன்ல, டிரையர்னு!" ஐயாவிடம் சொன்னார். கீழே இறங்கி நானாவிடம் சொன்னார். நானும் டிக்கோயாவுக்குப் புறப்படும் நேரம் என்பதால் கூடவே நடந்தேன். பஸ் நிலையம்வரை, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் மலேசியாவின் டிரையரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பொகவந்தலாவை பஸ் வந்தது. ஏறினார். பஸ் புறப்படும்போது யன்னலால் தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

"மிஸி, அவ சேந்துட்டான்னு நெசமா எழுதியிருக்கான்ல?"

"எழுதியிருக்காருங்க" என்றேன்.

"சொகமான்னும்?"

"சொகமான்னும் எழுதியிருக்காருங்க."

பஸ் திரும்பும்வரை அவர் தலையை உள்ளே எடுக்கவில்லை.